ஒலி எஞ்சினை டி.சி.க்கு மாற்றுவோர் அறிய வேண்டியவை

மாதிரி ரயில் எஞ்சின்கள் இரண்டு வகை. டி.சி. வகையில் தண்டவாளத்துக்கு 0 முதல் 12 வோல்ட் வரை நேர்மின்னோட்டம் போகும்; வோல்ட் கூடினால் வேகம் கூடும், துருவம் மாறினால் திசை மாறும். டி.சி.சி. வகையில் தண்டவாளத்தில் எந்நேரமும் ஏறத்தாழ 15 வோல்ட் இருக்கும். எஞ்சினுக்குள் உள்ள டிகோடர் கட்டளையைப் படித்து மோட்டார், விளக்கு, ஹாரன் எல்லாவற்றையும் இயக்கும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வடிவமைத்த இம்முறையை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் (என்.எம்.ஆர்.ஏ.) 1990களில் பொதுத் தரமாக்கியது.

ஒலி டிகோடர் உள்ள எஞ்சினைப் பழைய டி.சி. தண்டவாளத்தில் வைத்தால் பெரும்பாலும் ஓடும். ஆனால் முதல் ஐந்தாறு வோல்ட் டிகோடர் விழித்துக்கொள்ளவே சரியாகிவிடும். அதுவரை எஞ்சின் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கும். ஹாரனை விருப்பப்படி அடிக்கவும் முடியாது. அசையவே இல்லை என்றால் எஞ்சின் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். சி.வி. 29 என்ற அமைப்பில் டி.சி. அனுமதி அணைக்கப்பட்டிருக்கலாம், பல டிகோடர்களில் அங்கே 2 இருந்தால் டி.சி. இல்லை, 6 இருந்தால் உண்டு. துடிப்பு மின்சாரம் தரும் பழைய கன்ட்ரோலர்கள் டிகோடரைக் குழப்பும், சில வேளை கெடுத்தும் விடும்.

டி.சி.யில் மட்டுமே ஓட்டப்போகிறவர் டிகோடரைக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில், தண்டவாள மின்சாரத்தை நேராக மோட்டாருக்குக் கொடுக்கும் டம்மி பிளக் செருகுவதே நல்லது. ஒலி போகும், ஓட்டம் சீராகும். எட்டு ஊசி சாக்கெட்டில் டிகோடரை முன்பின்னாக மாற்றிச் செருகினாலும் பொதுவாக எதுவும் எரிந்துபோகாது. விளக்கு எரியாது, திசை மாறும், அவ்வளவே. சாக்கெட்டே இல்லாமல் கம்பிகளை நேராகச் சாலிடர் செய்த எஞ்சின்தான் தொல்லை.

டி.சி. எஞ்சினை டி.சி.சி.க்கு மாற்றுவது இன்னும் ஆபத்தானது. டிகோடர் இல்லாத எஞ்சினை டி.சி.சி. தண்டவாளத்தில் நிறுத்தினால் மோட்டார் ரீங்கரித்துச் சூடேறும். இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டார் சீக்கிரமே கருகிவிடும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை உலோக அடிச்சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதைப் பிரிக்காமல் டிகோடர் பொருத்தினால் மின்சாரம் கொடுத்த கணமே டிகோடர் போய்விடும். மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சக்கரத்திலும் மற்றதை மோட்டார் முனையிலும் வைத்துப் பார்த்தால் அந்தத் தொடர்பு இருக்கிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு என்ற நிறமுறையை மாற்றக் கூடாது. டிகோடர் கேட்கும் ஓம் அளவை விடக் குறைந்த ஸ்பீக்கரை மாட்டினால் ஒலிப்பகுதி எரியும்.

இனி, வாங்குவது பற்றி. சித்தூர், திருப்பதிப் பக்கத்தில் இந்த எஞ்சின்களும் டிகோடர்களும் பெரும்பாலும் இணையம் வழியாகக் கூரியரில்தான் வந்து சேரும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, இறக்குமதிப் பொருளாக இருந்தால் விற்பனையாளர் உற்பத்தி நாட்டைத் தெரிவிக்க வேண்டும். குறையுள்ள பொருளையோ விளம்பரத்துக்கு ஒத்துவராத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது. விற்பனையாளரின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ‘டி.சி.யிலும் ஓடும்’ என்ற விளம்பர வரியை வாங்கும்போதே படமெடுத்து வைத்திருப்பவரின் புகாருக்கு வலு அதிகம். 14 வயதுக்கு உட்பட்டோருக்கான மின் பொம்மை ரயில் என்றால் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்.

குறை தெரிந்ததும் எஞ்சினைத் திறந்து கம்பியை வெட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. குறையைப் பரிசோதனையில்தான் கண்டறிய முடியும் என்றால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். வெட்டி ஒட்டிய எஞ்சினில் பிழை தயாரித்தவருடையதா திறந்தவருடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. கூரியர் பெட்டியைப் பிரிப்பதையும், எஞ்சினின் முதல் ஓட்டத்தையும் செல்போனில் பதிவு செய்துகொள்வது பயன்தரும்.

முதலில் விற்பனையாளருக்கு எழுத்தில் புகார், அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் ஊரின் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. சித்தூர்க்காரர் டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இணையவழியிலும் மனு தரலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கெடு.

கூலி வாங்கிக்கொண்டு டிகோடர் மாற்றித் தருபவரின் வேலையும் இச்சட்டப்படி சேவையே. வேலை கெட்டால் சேவைக் குறைபாடு என்று வழக்குப் போடலாம், கையில் பில் இருந்தால் வலு கூடும். காசு வாங்காமல் செய்து கொடுத்த நண்பர் மீது இந்தச் சட்டம் பாயாது.