தாடை மூட்டு நோவும் தகுந்த வைத்தியரும்

முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்று வாயாற் பிழைத்த எனக்கு, ஓய்வு பெற்ற பின்னர் வாயைத் திறப்பதே வேதனையாயிற்று. வலக்காதின் முன்னே தோன்றிய நோவு கன்னத்திலும் பொட்டிலும் பரவியது. சோற்றுக் கவளத்தை வாயில் வைக்கவும் இயலாத நாட்கள் வந்தன. காது நோயென்று கருதி மருந்து விட்டேன், பயனில்லை. பின்பு ஒரு பல் வைத்தியர் கடைவாய்ப் பல்லொன்றே காரணமென்று கூறி அதனைப் பிடுங்கினார். பல் போயிற்று, நோவு போகவில்லை. அடுத்த பல்லையும் பிடுங்கலாமென்று அவர் கூறியபோதுதான், இந்நோயைப் பற்றி நானே சிறிது கற்க வேண்டுமென்ற எண்ணம் பிறந்தது. கல்லூரிப் பழங்கதைகளை இம்மலரில் எழுத என்னினும் வல்லார் பலர் உளர். ஆதலின் யான் கற்றதையே எழுதத் துணிந்தேன்.

வாசகர் தம் சுட்டுவிரல்களை இரு காதுகளுக்கும் சற்று முன்னே வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடுவாராக. விரலின் கீழ் உருண்டசைவதே கீழ்த்தாடை என்பின் தலை. முழங்கை மூட்டுக் கதவின் பிணைச்சல்போல மடங்கி விரிவது. தாடை மூட்டோ முதலிற் பிணைச்சல்போற் சுழன்று, வாய் மேலும் திறக்குந்தோறும் தன் குழியினின்று முன்னோக்கி வழுக்கியுஞ் செல்வது. என்பின் தலைக்கும் குழிக்கும் இடையே மெல்லிய வட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்து, தலையோடு கூடவே முன்னும் பின்னும் நகர்கின்றது. இவ்வட்டுச் சிறிது இடம் பெயர்ந்தால் வாய் திறக்கும்போது 'டிக்' என்ற ஓசை எழும். இவ்வோசை கேட்டு அஞ்சுவோர் பலர். நோவும் தடையும் இன்றி ஓசை மட்டும் இருப்பின் சிகிச்சை வேண்டியதில்லை. இன்னுமொன்று: இரு மூட்டுகளும் ஒரே என்பின் இரு முனைகளாதலின், ஒரு நுகத்திற் பூட்டிய எருதுகள்போல ஒன்றை விட்டு மற்றொன்று இயங்காது.

ஆயினும் நோவின் பிறப்பிடம் பெரும்பாலும் மூட்டன்று; மெல்லும் தசைகளே. உண்ணும்போதும் விழுங்கும்போதுமன்றி மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவேண்டிய அவசியமில்லை. உதடுகள் மூடியிருக்க, பற்கள் விலகியிருப்பதே தாடைக்கு ஓய்வு. கவலையிலும் கருத்தூன்றிய வேலையிலும் நம்மை அறியாமலே பல்லைக் கடிக்கின்றோம். உறக்கத்தில் நறநறவென்று கடிப்பவரும் உளர். (பரீட்சை விடைத்தாள் திருத்தும் ஆசிரிய நண்பர்கள் தம் பற்களைச் சற்றுக் கவனிப்பார்களாக.) பல், தாடைத் தசை, மூட்டு ஆகிய மூன்றுக்கும் உணர்ச்சி ஒரே பெருநரம்பின் கிளைகள் வழியே மூளைக்குச் செல்கின்றது. அதனாற் தசையில் எழுந்த நோவு பல்லில் எழுந்ததாகத் தோன்றும். குற்றமற்ற என் பல் தண்டனை பெற்றது இவ்வாறே.

இத்துறையின் வரலாறும் இத்தகைய தவறுகளை உடையதே. 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செயின்ற் லூயிஸ் நகரத்துக் காது மூக்குத் தொண்டை வைத்தியர் ஜேம்ஸ் கொஸ்ரன், 11 நோயாளரை ஆராய்ந்து ஒரு கொள்கையை வெளியிட்டார். கடைவாய்ப் பற்கள் இழக்கப்பட்டாற் தாடை அளவுக்கு மிஞ்சி மூடுகின்றதென்றும், அதனால் என்பின் தலை பின்சென்று காதருகிலுள்ள நரம்புகளை அழுத்துகின்றதென்றும் அவர் கருதினார். உடற்கூற்று அறிஞர் அதனைப் பின்னர் மறுத்தனர். எனினும் பற்களின் பொருத்தமே எல்லாவற்றுக்கும் காரணமென்ற எண்ணம் நெடுநாள் நிலைத்தது. நல்ல பற்களை அராவியும் உறையிட்டு உயர்த்தியும் திருத்த முயன்றவர் பலர். 1980களில் அந்நாட்டில் வட்டை அகற்றி அவ்விடத்தில் ரெஃப்லோன் கலந்த செயற்கைத் தகட்டை வைத்தனர். மெல்லும் அழுத்தத்தில் அது தேய்ந்து துகளாயிற்று. அத்துகளை எதிர்க்கப் புகுந்த உடல் அருகிலிருந்த என்பையே அரித்தது. 1990இல் அரசாங்கம் எச்சரிக்கை விடுக்கும் முன்னரே பலர் அதனைப் பொருத்திக்கொண்டிருந்தனர். அவர்களுட் பலர் மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சைக்கு உட்பட நேர்ந்தது. அராவிய பல் மீண்டும் வளராது. அகற்றிய வட்டும் அவ்வாறே.

ஆகவே இக்காலத்து நிபுணர், பின்னர் மாற்றிக்கொள்ளத்தக்க சிகிச்சையையே முதலிற் கையாளுகின்றனர். 2023இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான சர்வதேச வழிகாட்டல், நாட்பட்ட நோவுக்குத் தாடைப் பயிற்சிகளையும், தசைகளைக் கையாற் பிடித்துத் தளர்த்துவதையும், நோவைப் பற்றிய அச்சத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியற் பயிற்சியையும் முன்னே வைக்கின்றது. இரவிற் பற்களின்மேல் அணியும் தட்டைக்கூட அது பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை. பற்களின் அமைப்பையே நிலையாக மாற்றும் தட்டையும், வட்டை அகற்றுவதையும் வன்மையாக விலக்குகின்றது.

அமெரிக்காவில் வாய் முக நோவு 2020ஆம் ஆண்டிலேயே பல் வைத்தியத்தின் தனிச் சிறப்புத்துறையாக ஏற்கப்பட்டது. நம் நாட்டிற் பல் வைத்தியரின் கடிதத்துடன் வாய் முகத் தாடைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் செல்வது வழக்கம். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையிலும் கொழும்புத் தேசிய பல் வைத்தியசாலையிலும் இத்தகைய நிபுணர் உளர். சத்திரசிகிச்சை நிபுணர் என்ற பெயரைக் கேட்டுக் கத்தியை நினைந்து அஞ்சவேண்டாம். என்னைப் பார்த்த நிபுணர் வாயினுள் நோக்கியதிலும் என்னை வினாவியதே அதிகம். நோவு எப்போது தொடங்கியது, உறக்கம் எப்படி, தலையிடி உண்டோ என்றெல்லாம் கேட்டார். பின் கன்னத்தையும் பொட்டையும் அழுத்திப் பார்த்தார். வாய் எத்தனை மில்லிமீற்றர் திறக்கின்றதென அளந்தார். நாற்பது வரை திறத்தல் இயல்பு. எனக்கு இருபத்தெட்டே இருந்தது.

விரைந்து செல்ல வேண்டிய நிலைகளும் உள. ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகப் பொட்டு வலியும், மெல்லும்போது தாடை நோவும், பார்வை மங்கலும் தோன்றின் அது இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தாற் கண்ணே போய்விடும். நடக்கும்போதோ படியேறும்போதோ மட்டும் தோன்றும் தாடை நோவு இருதயத்தைச் சார்ந்ததாகலாம். வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கமுடையாருக்கு வாய் எரிந்து, திறக்கும் அளவு மெல்லமெல்லக் குறைந்து வருமாயின், அது மூட்டு நோயன்று. பாக்கினால் வாயின் உட்தோல் தடித்து இறுகும் நோய் அது. புற்றுநோய்க்கு வழிவிடக் கூடியது.

எனக்கு விதித்தவை மிக எளியவை: இளஞ்சூட்டு ஒத்தடம், மென்மையான உணவு, கண்ணாடி முன்னே நாளொன்றுக்கு மும்முறை தாடைப் பயிற்சி, கொட்டாவி வரும்போது நாடியின் கீழ்க் கையை முட்டுக்கொடுத்தல். நான்கு மாதத்தில் அளவு முப்பத்தெட்டாயிற்று. நோவு முற்றாக நீங்கியதென்று கூறேன். மாரிக்காலத்தில் எப்போதாவது எட்டிப் பார்க்கும். அடுத்த பல் தன் இடத்திலேயே இருக்கின்றது. புழுக்கொடியல் கடிப்பதற்கு மட்டும் நிபுணர் இன்னும் அனுமதி தரவில்லை. இடித்து மாவாக்கித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் கலந்து உண்கின்றேன்.