வண்டி குதிச்சா வருமானம் சிதறும்! பழைய பிக்கப்புக்கு ஷாக் அப்சர் நாமே மாத்தலாம்



போன மாதம் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்தது. உள்கடன் தவணை எல்லாம் நோட்டில் ஏறியது. எழுந்திருப்பார்கள் என்று பார்த்தால் யாரும் அசையவில்லை. ஊக்குநர் அக்கா மெதுவாக ஆரம்பித்தார். "மேடம், வண்டி விஷயம் ஒண்ணு பேசணும்."

அந்தக் குழு வங்கிக் கடனில் ஒரு பழைய பிக்கப் வாங்கி, உறுப்பினர்கள் தோட்டத்துக் காய்கறியை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிறது. ஓட்டுவது ஓர் உறுப்பினரின் மகன். கொஞ்ச நாளாக மார்க்கெட் போய்ச் சேரும்போது அடிப்பெட்டித் தக்காளி நசுங்கிக் கிடக்கிறது. கமிஷன் கடையில் விலையைக் குறைக்கிறார்கள். "தம்பி வேகமா ஓட்டுறான். வேற டிரைவர் போடணும்னு தீர்மானம் எழுதப் போறோம்" என்றார்கள். அந்தத் தம்பியின் அம்மா மூலையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் படித்தது சமூகப்பணி. ஆனால் என் அப்பா வேன் ஓட்டியவர். சின்ன வயசில் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துப் பழக்கம் உண்டு. அதனால் கேட்டேன்: "தீர்மானம் எழுதறதுக்கு முன்னாடி வண்டியை ஒரு தடவை பார்த்துடலாமா?"

பின்பக்கம் குனிந்து பார்த்தோம். இடது ஷாக் அப்சரில் ஆயில் வழிந்து, அதன் மேல் மண் அப்பிக் களிம்பு மாதிரி இருந்தது. பின் டயரில் கையை வைத்துத் தடவினால் மேடு பள்ளமாகத் தட்டியது. தம்பியைக் கேட்டேன். "ரெண்டு மாசமா சொல்றேன் மேடம், பின்னாடி தூக்கிப் போடுதுன்னு. யாரும் காதில வாங்கலை" என்றான்.

நம் கூட்டமைப்பில் இப்போது பல குழுக்களிடம் பழைய வண்டிகள் இருக்கின்றன. அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

ஷாக் அப்சர் என்ன வேலை செய்யுது?

நிறைய பேர் நினைப்பது போல வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஷாக் அப்சர் இல்லை. பாரத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். ஆனால் ஸ்பிரிங்குக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை அமுக்கினால் அது நிற்காமல் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சர்.

அதன் குழாய்க்குள் ஆயிலும், சின்னச் சின்ன ஓட்டைகள் உள்ள ஒரு பிஸ்டனும் இருக்கும். வண்டி குதிக்கும்போது அந்த ஓட்டை வழியாக ஆயில் கஷ்டப்பட்டுப் போய் வரும். ஊசி போடும் சிரிஞ்சில் மருந்தை அழுத்தும்போது கை விறைக்கிறதே, அது மாதிரி. குதிக்கும் வேகம் அங்கே சூடாக மாறிக் கரைந்துவிடும். ஆயில் ஒழுகிவிட்டால் பிஸ்டனுக்கு எதிர்ப்பு இல்லை. வண்டி தன் இஷ்டத்துக்கு ஆடும்.

இதில் தக்காளி நசுங்குவது சின்ன நஷ்டம். டயர் ரோட்டை விட்டு எழும்பி எழும்பி இறங்கும் நேரத்தில் பிரேக் சரியாகப் பிடிக்காது. திடீரென்று நிறுத்த வேண்டி வந்தால் வண்டி கூடுதல் தூரம் போய்த்தான் நிற்கும். வளைவில் ஒரு பக்கமாக இழுக்கும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் நம் வண்டி அந்த வழியே போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

தேய்ந்து போச்சா? எப்படித் தெரிந்துகொள்வது?

1. ஷாக் அப்சர் உடம்பில் ஆயில் வழிந்து ஈரமாக இருக்கும். லேசான கசிவு மினுமினுப்பு பரவாயில்லை. வழிந்து மண் ஒட்டியிருந்தால் போய்விட்டது என்று அர்த்தம்.

2. டயர் ஒரே சீராகத் தேயாமல் திட்டுத் திட்டாகத் தேயும்.

3. காலி பிக்கப்பைக் கையால் அமுக்கிப் பார்த்தால் தெரியாது, பட்டை விறைப்பாக இருக்கும். அதனால் வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கச் சொல்லி, பக்கத்தில் தள்ளி நின்று பாருங்கள். ஒரு தடவை ஏறி இறங்கி அடங்கினால் சரி. இரண்டு மூன்று தடவை ஆடினால் சரியில்லை.

4. மோசமான ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டி வந்ததும், நிறுத்திய வண்டியில் இரண்டு பக்க ஷாக் அப்சரையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்வது வெதுவெதுப்பாக இருக்கும். ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை. பக்கத்தில் சைலன்ஸர் குழாய் சுடும், ஜாக்கிரதை!

5. பள்ளத்தில் 'டொக் டொக்' சத்தம் வந்தால் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கலாம்.

எதை நாம் தொடலாம், எதைத் தொடக்கூடாது?

இதைக் கவனமாகப் படியுங்கள், தோழியரே. பின்பக்கம் பட்டை தனியாக, ஷாக் அப்சர் தனியாக, மேலே ஒரு போல்ட் கீழே ஒரு போல்ட் என்று இருந்தால் நாமே மாற்றலாம். முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சரும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் கையே வைக்கக் கூடாது. அமுக்கி வைத்திருக்கும் சுருள் ஸ்பிரிங் விடுபட்டால் உயிரையே வாங்கிவிடும். அதற்குத் தனிக் கருவி வேண்டும், பழகிய மெக்கானிக் வேண்டும். பட்டையில் விரிசல் இருந்தாலும், முறிந்திருந்தாலும் ஒர்க்ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

"ஷாக் அப்சரைக் கழட்டினா வண்டி கீழே உட்காந்துடாதா?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. உட்காராது. பாரம் பட்டையில்தானே இருக்கிறது! அதனால்தான் இந்த வேலைக்குப் பல வண்டிகளில் ஜாக்கியே தேவைப்படாது. நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே அடியில் கை நுழையும் அளவு இடம் இருக்கும்.

வாங்கும்போது

எப்போதும் ஜோடியாக மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வண்டியின் மாடல், வருடம் குறித்துக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தின் நகலையும் எடுத்துப் போங்கள். இரண்டு கடையில் விலை கேட்டு எழுதுங்கள். கட்டாயம் பில் வாங்குங்கள். புஷ், வாஷர், நட்டு சேர்த்து வருகிறதா என்று பாருங்கள். இழுத்த நீளம், அமுக்கிய நீளம், கண் ஓட்டை அளவு மூன்றும் பழசோடு ஒத்துப்போக வேண்டும்.

அந்தக் குழுவுக்கு ஒர்க்ஷாப்பில் கூலியோடு சொன்ன தொகை அவர்கள் மாதத் தவணையை விட அதிகம். சாமான் மட்டும் வாங்கியபோது பாதிக்கும் கீழேதான் வந்தது.

வேலைக்கு முதல் நாள்

கம்பி பிரஷ்ஷால் நட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள மண்ணையும் துருவையும் தேய்த்து எடுங்கள். துரு இளக்கும் ஆயில் அடித்து ஒரு ராத்திரி ஊற விடுங்கள். கிடைக்காவிட்டால் டீசல் நனைத்த துணியைச் சுற்றி வையுங்கள். கழலவில்லை என்று நெருப்புக் காட்டவே கூடாது. ஷாக் அப்சருக்குள் ஆயிலும், சிலவற்றில் கேஸும் இருக்கிறது. வெடிக்கும்.

வேலை நாள், ஒவ்வொரு படியாக

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகி மேலே ஒரு பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வளையலைக் கழற்றி வையுங்கள். தாலிச் சரடு வெளியே தொங்க வேண்டாம். அடியில் படுக்கும்போது துரு கண்ணில் விழும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

1. சுமை இறக்கிய வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். இன்ஜின் ஆஃப், ஹேண்ட் பிரேக், முதல் கியர். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சாவி வேலை செய்பவர் இடுப்பில் இருக்க வேண்டும்!

2. இடம் போதாமல் தூக்கியே ஆக வேண்டும் என்றால், பின் ஆக்சிலுக்கு அடியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஆக்சிலுக்குக் கீழே உறுதியான ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கக் கூடாது. அது நொறுங்கிவிடும்.

3. ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். சந்தேகம் வந்தால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள்.

4. கீழ் நட்டு, பிறகு மேல் நட்டு. சரியான நம்பர் ரிங் ஸ்பேனர் போடுங்கள். பல வண்டிகளில் 17 அல்லது 19 வரும். போல்ட் கூடவே சுற்றினால் மறுபக்கம் இன்னொரு ஸ்பேனரால் பிடியுங்கள். கழற்றிய வாஷர், புஷ்ஷை வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள்.

5. புது ஷாக் அப்சர் கடையில் படுக்கவைத்து இருந்திருக்கும். சாதாரண ஆயில் வகை என்றால், வண்டியில் நிற்கும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து, முழுசாக இழுத்து முழுசாக அமுக்குங்கள். நான்கைந்து தடவை செய்தால் உள்ளே புகுந்த காற்று ஒதுங்கி, ஒரே சீரான விறைப்பு வரும். கேஸ் வகை தானே விரியும். அதைக் கட்டியிருக்கும் பட்டியைப் பொருத்தும் நேரத்தில் மட்டும் அவிழுங்கள்.

6. பளபளப்பான தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்காதீர்கள். ஒரு கீறல் போதும், சீல் கிழிந்து புதுசும் ஒழுகும்.

7. மேல் முனையை முதலில் மாட்டி, பிறகு கீழ் முனை. ரப்பர் புஷ் நுழையவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கிரீஸ், ஆயில் தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும்.

8. முதலில் கையால் முடுக்குங்கள். வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. தொங்கும் நிலையில் முறுக்கினால் புஷ் முறுகிச் சீக்கிரம் கிழியும். பழைய நட்டு பிடிப்பு இல்லாமல் இருந்தால் புதுசு போடுங்கள்.

9. பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் எதுவும் ஷாக் அப்சரில் உரசாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்த பக்கம் போங்கள்.

முடிந்ததும் காலி வண்டியை மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி சரி பாருங்கள். முறுக்கு சரியான அளவா என்று சந்தேகம் இருந்தால் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. பழைய ஷாக் அப்சரைப் பிள்ளைகள் எடுத்து விளையாடாமல் பழைய இரும்புக் கடையில் போடுங்கள். ஆயிலை வாய்க்காலில் ஊற்ற வேண்டாம்.

ஒரு விஷயம் மறக்கக் கூடாது. புது ஷாக் அப்சர் போட்டுவிட்டோம் என்று கூடுதல் பாரம் ஏற்றக் கூடாது. முன்னாலேயே சொன்ன மாதிரி, அது பாரம் தாங்கும் சாமான் இல்லை.

அந்தக் குழு என்ன செய்தது?

மார்க்கெட் லீவு நாளில் வேலையை வைத்துக்கொண்டார்கள். தம்பி ஒரு பக்கம் படுத்தான். மறுபக்கம் யார் படுப்பது என்ற பேச்சு வந்தபோது, மூலையில் உட்கார்ந்திருந்த அவன் அம்மாவே "நான் படுக்கிறேன்" என்று ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். இடது பக்க மேல் நட்டு ஒரு மணி நேரம் பாடாய்ப் படுத்தியது. மறுபடி ஆயில் அடித்து, டீ குடித்து, திரும்ப வந்து திருகியதும் கழன்றது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் இரண்டு பக்கமும் முடிந்தது.

அடுத்த கூட்டத்துக்கு நான் போனபோது தீர்மான நோட்டைப் பார்த்தேன். 'ஓட்டுநரை மாற்றுவது குறித்து' என்று எழுதியிருந்த வரி அடிக்கப்பட்டிருந்தது. கீழே இப்படி இருந்தது: 'ஓட்டுநர் வண்டியில் சொல்லும் குறைகளை வாரம் ஒரு முறை தனி நோட்டில் எழுதி, கூட்டத்தில் வாசிப்பது. வண்டி வருமானத்தில் ஒரு பகுதியை மாதா மாதம் பராமரிப்புக்கு ஒதுக்குவது.' பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

தக்காளி இப்போதும் ஒன்றிரண்டு நசுங்கத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு யாரும் அந்தப் பையனைத் திட்டுவதில்லை.

உங்கள் குழுக் கூட்டத்தில் கலந்து பேச

- நம் வண்டி, மாவு மிஷின், தையல் மெஷின் இவற்றைக் கடைசியாக எப்போது சோதித்தோம்?
- அதை ஓட்டுபவர், இயக்குபவர் சொல்லும் குறையை யார் கேட்டு எழுதுகிறோம்?
- பராமரிப்புக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கியிருக்கிறோமா?
- ஒரு நஷ்டம் வந்தால் முதலில் ஆளைக் குறை சொல்கிறோமா, காரணத்தைத் தேடுகிறோமா?

பேசி முடிவெடுத்ததை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சொல்லுங்கள். கேட்கக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்