372 ஆட்டங்களும் ஒரு கூச்சலும்

ஆஸ்திரேலியக் கால்பந்தின் உச்சத்தைத் தொட்ட ஆடம் குட்ஸ், அந்த ஆட்டம் தர முன்வந்த மிகப் பெரிய கௌரவத்தை வேண்டாம் என்றது ஏன்?

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். 2013 மே 24, வெள்ளிக்கிழமை இரவு. சிட்னி ஸ்வான்ஸ் அணி காலிங்வுட்டைப் புரட்டியெடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. எல்லைக்கோட்டை ஒட்டி ஓடிக்கொண்டிருந்த ஆடம் குட்ஸின் காதில் வேலிக்கு அப்பாலிருந்து ஒரு சொல் வந்து விழுந்தது: "குரங்கு."

குட்ஸ் நின்றார், திரும்பினார், சொன்னவரை நோக்கி விரலை நீட்டினார். காவலர்கள் அழைத்துச் சென்றபோதுதான் தெரிந்தது, அது 13 வயதுச் சிறுமி. அணி வெற்றியைக் கொண்டாடியபோது, அதற்குப் பெரிதும் காரணமான குட்ஸ் களத்தில் இல்லை. இதில் ஒரு கசப்பான முரண். பூர்வகுடி வீரர்களைக் கௌரவிப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட சுற்றின் முதல் ஆட்டம் அது.

மறுநாள் பத்திரிகையாளர்களைச் சந்தித்த குட்ஸ், சிறுமியை யாரும் தூற்ற வேண்டாம், அவளுக்கு இப்போது தேவை ஆதரவு என்றார். வழக்கு வேண்டாம் என்றார். அவளும் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டாள். கதை அத்துடன் முடிந்திருந்தால், பெருந்தன்மைக்கு ஓர் உதாரணமாக நின்றிருக்கும். முடியவில்லை.

கிரிக்கெட் வழியாக மட்டுமே ஆஸ்திரேலியாவை அறிந்த நமக்கு இந்த ஆட்டம் புதிது. அணிக்கு 18 பேர். பல ஊர்களில் கிரிக்கெட் மைதானம்தான் களம். முட்டை வடிவப் பந்தைக் காலால் உதைக்கலாம், முஷ்டியால் குத்தி அனுப்பலாம், ஆனால் கையால் எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுவிரண்டுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. 20 நிமிடங்கள் வீதம் நான்கு கால் பகுதிகள். இந்தப் பந்துக்காக மெல்போர்ன் நகரமே பைத்தியமாக அலையும்.

1980ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த குட்ஸ் சிறுவயதில் ஆடியது நாமறிந்த கால்பந்துதான். குடும்பம் விக்டோரியா மாநிலத்தின் ஹார்ஷம் நகருக்குக் குடிபெயர்ந்த பிறகே இந்த ஆட்டத்துக்கு மாறினார். அவரது தாய் 'திருடப்பட்ட தலைமுறை'யைச் சேர்ந்தவர். பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து அரசே பிரித்தெடுத்து வளர்த்த கொள்கையின் பலியாட்களுக்கு ஆஸ்திரேலியர்கள் வைத்த பெயர் அது.

1997ல் புதிய வீரர்களை அணிகள் பங்கிட்டுக்கொண்டபோது குட்ஸின் பெயர் 43வதாகத்தான் அழைக்கப்பட்டது. 1999ல் களமிறங்கினார். அந்த ஆண்டே சிறந்த இளம் வீரர் விருது. உயரமானவர்கள் பந்துக்காகத் தாவும் இடத்திலும் ஆடினார், மின்னலாய் ஓட வேண்டிய நடுக்களத்திலும் ஆடினார், கோலடிக்கும் முன்வரிசையிலும் ஆடினார். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவர்கள் தரும் ஓட்டுகளைக் கூட்டி ஆண்டின் சிறந்த வீரருக்கு வழங்கப்படும் பிரௌன்லோ பதக்கத்தை இரு முறை வென்றார்: 2003ல் வேறு இருவருடன் பகிர்ந்து, 2006ல் தனியாக.

2005 இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் கோஸ்ட் அணியை 4 புள்ளிகளில் வீழ்த்தி, 72 ஆண்டுக் காத்திருப்பை முடித்துவைத்த ஸ்வான்ஸ் அணியில் அவர் இருந்தார். 2012 இறுதி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலும் வெளியேற மறுத்து, கடைசிக் கால் பகுதியில் கோலடித்தார். மீண்டும் கோப்பை.

இப்படிப்பட்டவரைத்தான் குரங்கு என்றார்கள். ஐந்தே நாளில் காலிங்வுட் சங்கத் தலைவர் எடி மெக்வயர், 'கிங் காங்' இசை நாடகத்துக்கு விளம்பரம் செய்யக் குட்ஸை அழைக்கலாமே என்று வானொலியில் பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். 2014 ஜனவரியில் குட்ஸ் 'ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்' ஆனார். இனவெறி பற்றியும், பூர்வகுடிகளிடமிருந்து நாடு பறிக்கப்பட்ட வரலாறு பற்றியும் பேசினார். அதன் பிறகு அவர் பந்தைத் தொட்டாலே எதிரணி ரசிகர்கள் ஊளையிடத் தொடங்கினார்கள்.

ஊளையிட்டவர்கள் சொன்ன நியாயம்: எங்களுக்கு அவர் நிறம் பொருட்டல்ல. அவர் நடிக்கிறார், சிறுமியைக் காட்டிக்கொடுத்தார், நாட்டைக் குறை சொல்கிறார். ஆனால் 15 ஆண்டுகள் அதே மனிதர் ஆடியபோது வராத கூச்சல், அவர் வாயைத் திறந்த பிறகு வாரம் தவறாமல், ஊர் ஊராகத் தொடர்ந்தது ஏன்? அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

2015 மே 29. கார்ல்டனுக்கு எதிராகக் கோலடித்த குட்ஸ், பூர்வகுடிச் சிறுவர் அணியிடம் கற்ற போர் நடனம் ஒன்றை ஆடி, ஈட்டி எறிவதுபோல் கையசைத்தார். ஊளை பெருத்தது. ஜூலை கடைசியில் பெர்த் நகரில் அது எல்லை மீறியது. குட்ஸ் விடுப்பில் போனார். அவர் இல்லாத அடுத்த ஆட்டத்தில், மூன்றாம் கால் பகுதியின் 7வது நிமிடத்தில் சிட்னி ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவரது சட்டை எண் 37.

திரும்பி வந்து ஆடினார். செப்டம்பரில் ஸ்வான்ஸ் தோற்று வெளியேறிய இரவிலேயே ஓய்வை அறிவித்தார். கணக்கு: 17 ஆண்டுகள், 372 ஆட்டங்கள், 464 கோல்கள். அதுவரை எந்தப் பூர்வகுடி வீரரும் அத்தனை ஆட்டங்கள் ஆடியதில்லை. (பின்னர் ஷான் பர்கோய்ன் அதைக் கடந்து, 2021ல் 407 ஆட்டங்களுடன் விடைபெற்றார்.) ஓய்வு பெறும் வீரர்கள் இறுதி ஆட்டத்தன்று மைதானத்தை வலம் வந்து கைதட்டல் பெறுவது மரபு. குட்ஸ் போகவில்லை.

2019ல் லீக் நிர்வாகமும் 18 அணிகளும் நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்டன, போதுமான அளவு துணை நிற்கவில்லை என்று. 2021ல் புகழ்பெற்றோர் மன்றத்தில் சேர அழைப்பு வந்தது. குட்ஸ் மறுத்துவிட்டார்.

"ஆஸ்திரேலியர்களே அப்படித்தான்" என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் 2007ல் வதோதராவிலும் மும்பையிலும் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைப் பார்த்துக் குரங்குபோல் ஒலியெழுப்பியவர்களும் குதித்துக் காட்டியவர்களும் நம் ரசிகர்கள்தான். கூட்டத்தில் ஒருவராக நின்று கத்தும்போது எவருக்கும் தன் குரல் தனியாகக் கேட்பதில்லை. களத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிறது.

1993ல் இதே காலிங்வுட் ரசிகர்கள் முன்னால், நிக்கி வின்மார் என்ற பூர்வகுடி வீரர் சட்டையைத் தூக்கித் தன் கறுப்புத் தோலைச் சுட்டிக்காட்டினார். 20 ஆண்டு கழித்துக் குட்ஸும் விரலை நீட்டினார், இம்முறை கூட்டத்தை நோக்கி. முதல் விரலுக்கு 2019ல் பெர்த் மைதான வாசலில் சிலை வைத்துவிட்டார்கள். இரண்டாவது விரலைத்தான் பொறுக்க முடியவில்லை.