பாத்திரத்தில் இரண்டு பெயர்

அண்ணன் வீடும் தம்பி வீடும் சேர்ந்து ஒரு சீமந்தத்துக்குச் சமைக்கின்றன. சாம்பாரும் கூட்டும் அண்ணன் வீட்டில், பாயசமும் கலந்த சாதமும் தம்பி வீட்டில். இலையில் உட்காருகிறவருக்கு அது ஒரே சாப்பாடு. எது எந்த அடுப்பில் வெந்தது என்று அவர் கேட்கப்போவதில்லை. இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இணைப்பட்டமும் இப்படித்தான் பரிமாறப்பட வேண்டும். அதற்கு முன்னால் சமையலறையில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எல்லாச் சேர்க்கையும் இணைப்பட்டம் ஆகாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் வெளியிட்ட விதிமுறை மூன்று வகைகளைச் சொல்கிறது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வாங்கி நம் சாப்பாட்டோடு சேர்த்துக்கொள்வது ட்வின்னிங். வெளிநாட்டில் படிப்பது மொத்த கிரெடிட்டில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பட்டம் இந்திய நிறுவனத்தினுடையது. இணைப்பட்டத்தில் ஒவ்வொரு வீடும் குறைந்தது 30 சதவீதம் சமைத்தாக வேண்டும். சான்றிதழ் ஒன்று, முத்திரை இரண்டு. இரட்டைப் பட்டத்தில் இரு வீடுகளும் தனித்தனியே பட்டம் தரும். வெளிநாட்டுப் பெயரை மட்டும் வாடகைக்கு வாங்கிக் கடை நடத்தும் ஃபிரான்சைஸ் முறைக்கு இடமே இல்லை. அது நல்ல விதி.

இனி அளவு. ஒரு வீட்டில் ஆழாக்கு, இன்னொரு வீட்டில் டம்ளர். முழுநேரப் படிப்பில் ஓராண்டு என்பது ஐரோப்பியக் கணக்கில் 60 கிரெடிட், பிரிட்டனில் 120, அமெரிக்காவில் பொதுவாக 30, இந்தியாவின் புதிய தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 40. ஆண்டுக்கு ஆண்டு என்று வைத்தால் நம் 2 கிரெடிட்டுக்கு ஐரோப்பாவின் 3 சமம். மணிக்கணக்கில் பார்த்தால் கதை வேறு. நம் 40 கிரெடிட் என்பது 1200 மணி நேர உழைப்பு. ஐரோப்பாவின் 60 என்பது 1500 முதல் 1800 மணி வரை. அப்போது ஒன்றுக்கு ஒன்று என்பதே ஏறக்குறைய சரியாகிவிடுகிறது. எந்தக் கணக்கைக் கைக்கொள்வது என்று அடுப்பு பற்றவைக்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளாவிட்டால், கடைசி செமஸ்டரில் ஒரு மாணவி கிரெடிட் குறைகிறது என்ற கடிதத்தோடு அலுவலக வாசலில் நிற்பாள்.

உப்பு இன்னும் சிக்கலானது. பிரான்சில் மதிப்பெண் 20-க்கு. 10 எடுத்தால் தேர்ச்சி, 14 எடுத்தால் ‘நன்று’. ஜெர்மனியில் 1 உச்சம், 4 தேர்ச்சிக் கோடு. ஒன்றை மற்றொன்றாக மாற்ற அங்கே ‘பவேரியச் சூத்திரம்’ என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதில் பிரான்சின் 14-ஐப் போட்டால் 2.8 வருகிறது, ஜெர்மனியில் அது வெறும் ‘திருப்திகரம்’. கணக்கில் பிழையில்லை. ஆனால் பிரெஞ்சுப் பேராசிரியர் 18-ஐ அபூர்வமாகத்தான் தருவார் என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. ஆகவே அந்தந்தத் துறையில் எத்தனை சதவீத மாணவர்கள் எந்த மதிப்பெண் வாங்குகிறார்கள் என்ற பட்டியல்களை அருகருகே வைத்து மாற்றுவதே நியாயம். அந்த வீட்டு உப்பை அந்த வீட்டு நாக்கால்தான் அளக்க முடியும்.

ஒப்பந்தக் கையெழுத்துப் படங்களில் தெரியவே தெரியாதது நேரம். ஸ்வீடனில் இலையுதிர்காலப் பருவம் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது; உடனே அடுத்தது தொடங்கிவிடும். ஜெர்மனியிலோ குளிர்கால வகுப்புகள் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரி வரை போகின்றன. அடுத்த வகுப்பு ஏப்ரலில்தான். ஸ்வீடனில் முதல் பருவம் முடித்தவர் ஜெர்மனி போனால் இரண்டரை மாதம் சும்மா இருக்க வேண்டும். மாற்றிப் போனால், ஜெர்மனியில் பிப்ரவரிப் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்வீடனில் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். காய்ந்த எண்ணெயிலா, ஆறிய எண்ணெயிலா கடுகு தாளிப்பது? முதலாண்டு முழுவதும் ஓரிடம், இரண்டாம் ஆண்டு மற்றோரிடம் என்று வகுப்பது ஒரு வழி. இடைவெளியில் தொழிற்பயிற்சியை வைப்பது இன்னொரு வழி. வாடகை, விசா, கல்விக் கடனின் வட்டி என்று அந்த இரண்டரை மாதத்தின் விலையைக் கொடுப்பது மாணவர்தான். அதனால் நாள்காட்டியைத்தான் முதலில் மேசையில் விரிக்க வேண்டும் என்பேன்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினம், விட்டுக்கொடுப்பது. இரு துறைகளும் ‘எங்கள் கட்டாயப் பாடங்கள் குறையக் கூடாது’ என்று பிடித்தால், இலையில் இரண்டு சாம்பார் வந்து விழும். புள்ளியியல் அறிமுகத்தை இரண்டு ஊரில் இரண்டு முறை படிக்கும் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பாடங்கள் ஒன்றின் மேல் ஒன்று படியக் கூடாது என்று நம் விதிமுறையே சொல்கிறது. அதை நடப்பில் கொண்டுவருவது, தான் இருபது ஆண்டு நடத்திய பாடத்தை ‘இதை அவர்களே நடத்தட்டும்’ என்று சொல்ல மனம் வரும் ஓர் ஆசிரியர்தான். அந்த மனம் மற்ற வீட்டுச் சமையலை உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்தால்தான் வரும். ஆகவே மாணவர்களை அனுப்பும் முன் ஆசிரியர்கள் போய் வர வேண்டும்.

கடைசியில் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் எராஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தைத் தொடங்கியது. குறைந்தது மூன்று நாடுகளின் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து முதுகலைப் படிப்பு நடத்த வேண்டும். ஒரே சான்றிதழில் பிற நாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருக்கப் பல நாடுகளின் சட்டம் அப்போது இடம் தரவில்லை. அதனால் பலர் இரட்டைப் பட்டத்தோடு நின்றார்கள். ஒரே படிப்பை ஒவ்வொரு நாட்டின் தர மதிப்பீட்டு அமைப்பும் தனித்தனியே ருசி பார்த்தது. 2015-இல் யெரெவான் நகரில் கூடிய ஐரோப்பியக் கல்வி அமைச்சர்கள், இணைப்படிப்பை ஒரே முறை மதிப்பிட்டால் போதும் என்ற பொது வழிமுறையை ஏற்றார்கள்.

இலையில் உட்கார்ந்தவர் எந்த அடுப்பு என்று கேட்கமாட்டார். ஆனால் நாளைக்கு மாணவர் மூன்றாம் நாட்டில் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அங்குள்ள அலுவலர் கேட்பார். அதற்காகவே ஐரோப்பாவில் பட்டத்தோடு ‘டிப்ளமா சப்ளிமென்ட்’ என்ற இணைப்புத் தாளையும் தருகிறார்கள். எந்தப் பாடம், எத்தனை கிரெடிட், என்ன மதிப்பெண் என்று அதில் எழுதியிருக்கும். இணைப்பட்டமானால், எந்தப் பகுதி எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தது என்பதும் அதில் இருக்க வேண்டும். நம் இணைப்பட்டம் ஒவ்வொன்றோடும் அப்படி ஒரு தாள் போக வேண்டும்.