பழைய படகின் வாடை

நாற்றம் என்னும் சொல்லுக்கு முற்காலத்தில் மணம் என்பதே பொருள். மல்லிகையும் நாறிற்று; சந்தனமும் நாறிற்று. பிற்காலத்திலேதான் அச்சொல் நிலை தாழ்ந்து, மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாடைக்கு உரியதாயிற்று. இன்று நாம் ஆராயப் போவது அந்தத் தாழ்ந்த நாற்றத்தையே. ஒருவர் பயன்படுத்திய பாய்மரப் படகை மற்றொருவர் விலைக்கு வாங்கச் செல்கிறார். உள்ளே கெட்ட வாடை வீசுகிறது. அது எங்கிருந்து வருகிறது? மிக எளிய கேள்வியாகத் தோன்றும் இதற்குள் வேதியியல் உண்டு, உயிரியல் உண்டு, கவனம் பிசகினால் உயிராபத்தும் உண்டு.

செஞ்சியை அடுத்த அனந்தபுரம் கடலைக் காணாத ஊர். ஏரியும் கிணறும் குன்றுமே அங்குள்ளோர்க்குப் பழகியவை. அவ்வூரைச் சேர்ந்த என் நண்பர் ஒருவர், பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், பாய்மரப் படகு ஒன்று வாங்கவேண்டுமென்று புறப்பட்டார். வீட்டார் நகைத்தனர். "செஞ்சி ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகவில்லையா? நான் மட்டும் போகக்கூடாதா?" என்று அவர் கேட்டார். நில நூலின்படி அவர் கூற்றில் பிழை இல்லை. செஞ்சிப் பகுதிக் குன்றுகளில் தோன்றும் சங்கராபரணி ஆறு, புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என்று இரு கிளைகளாகப் பிரிந்து கடலை அடைகிறது. பண்டைக் காலத்தில் யவனர் பண்டங்கள் வந்திறங்கிய அரிக்கமேடு அக்கிளைகளுள் ஒன்றின் கரையிலேதான் இருக்கிறது. தம் ஊர் ஆறு கடலோடு கலக்கும் அந்தக் கழிமுகத்திலேயே ஒரு படகு விலைக்கு வந்திருப்பதாகக் கேள்வியுற்று, நண்பர் என்னையும் உடன் அழைத்துச் சென்றார்.

கண்ணாடி இழையால் ஆன உடல், உள்ளே மரத்தடுப்புகள், இருவர் படுக்கத்தக்க ஒரு சிற்றறை. வண்ணம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. அறைக்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. கற்பூர மணமும் வந்தது. விற்பவருக்குப் பக்தி மிகுதி போலும் என்று நான் எண்ணினேன். நண்பரோ அப்படி எண்ணவில்லை. "எல்லாவற்றையும் மூடிவிடுங்கள். நாளைக் காலையில் வருகிறோம். நாங்கள் வருமுன் திறக்கவேண்டாம்" என்று சொல்லித் திரும்பிவிட்டார்.

இது மிக நல்ல முறை. மூக்கு ஒரு விந்தையான கருவி. புதிய வாடையை அது உடனே அறிவிக்கும். சில நிமிடங்கள் அதே வாடையில் இருந்தால் அறிவிப்பதை நிறுத்திவிடும். எனவே மூடிக்கிடந்த அறையைத் திறந்ததும் இழுக்கும் முதல் மூச்சே உண்மையைச் சொல்லும் மூச்சு. மணத்தை உணரும் ஏற்பிகளுக்குரிய மரபணுக்களை 1991-ஆம் ஆண்டில் கண்டறிந்த ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனிதனிடத்தில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் தொழிற்படுகின்றன. அவற்றின் கலவைகளைக் கொண்டே ஆயிரக்கணக்கான மணங்களைப் பிரித்தறிகிறோம்.

மறுநாள் கதவைத் திறந்தபோது ஊதுவத்தியைக் காணோம். அழுகிய முட்டையின் வாடை இருந்தது. இவ்வாடையின் பிறப்பிடம் பெரும்பாலும் படகின் அடிவயிறு. எந்தப் படகிலும் மழைநீர், கசியும் கடல்நீர், எண்ணெய், உணவுத் துணுக்கு யாவும் இறுதியில் அங்கேதான் சென்று தேங்கும். ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட்டு இருக்கிறது. காற்று புகாத அச்சேற்றில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள், நாம் உயிர்க்காற்றைப் பயன்படுத்துவதுபோல, சல்பேட்டைப் பயன்படுத்தி உயிர் வாழ்கின்றன. அவை வெளிவிடும் கழிவே ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு. இவ்வாயுவைக் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1777-இல் ஆராய்ந்தார். அந்நுண்ணுயிர்களைப் பெய்யெரிங்க் 1895-இல் கண்டறிந்தார். உப்பங்கழியின் கருஞ்சேற்றைக் காலால் கிளறியவர்கள் இவ்வாடையை முன்பே அறிவார்கள்.

இவ்வாயு வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும். ஆகவே அழுகிய முட்டை வாடை வீசினால், மின்கம்பிகளின் செம்பு முனைகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்ப்பது பயன் தரும். வாடையை ஒரு நாள் மறைத்துவிடலாம். கறுத்த செம்பை மறைப்பது அரிது. மின்கலத்தையும் தொட்டுப் பார்க்கவேண்டும். அளவு மீறி மின்னேற்றப்பட்ட ஈய மின்கலமும் இதே வாடையைத் தரும். அது சூடாக இருந்தால் அடிவயிற்றைக் குறை கூறிப் பயனில்லை.

கழிப்பிடம் உள்ள படகாயின் இன்னும் இரண்டு ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளவேண்டும். கழுவுவதற்குக் கடல்நீரை இழுக்கும் குழாயில் நீர் பல நாள் தேங்கினால், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் மடிந்து அழுகும். முதன்முறை நீர் இறைக்கும்போது வீசும் வாடை இதனால் வருவது. அது தீங்கற்றது, இரண்டு மூன்று முறை இறைத்தால் போய்விடும். மற்றொன்று அவ்வளவு எளிதன்று. கழிவு செல்லும் ரப்பர்க் குழாய், வெளியே ஒரு துளியும் கசியாமலே, ஆண்டுகள் செல்லச் செல்ல வாடையைத் தன் சுவர் வழியே ஊடுருவவிடும். கண்ணால் பார்த்து இதனை அறிய இயலாது. தூய துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, குழாயின்மேல் சுற்றிச் சிறிது நேரம் வைத்து, பின்பு வெளியே கொண்டுவந்து துணியை முகர்ந்து பார்க்கவேண்டும். துணி நாறினால் குற்றவாளி அக்குழாயே. நண்பர் நான்கு துணிகளால் நான்கு குழாய்களைச் சோதித்தார். மூன்றாவது துணி நாறிற்று. குழாயை மாற்றினால் தீர்ந்தது. அது அச்சத்திற்குரிய செய்தி அன்று. விலையைச் சற்றுக் குறைத்துக் கேட்பதற்குரிய செய்தி.

அச்சத்திற்குரிய செய்தி அதற்குப் பின்னரே வந்தது. அடிவயிற்றின் மூடுபலகையைத் தூக்கியதும், உள்ளே இருட்டாக இருந்தமையால், நண்பர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். அவர் ஊர் வழக்கம் அது. நெடுநாள் மூடிக்கிடந்த பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் யாரும் இறங்கமாட்டார்கள். அருகில் நின்ற முதிய படகோட்டி ஒருவர் சட்டென்று அவர் மணிக்கட்டைப் பற்றினார். "வேண்டாம் ஐயா! கிணறு வேறு, படகு வேறு" என்றார்.

அம்முதியவர் சொன்னதன் உட்பொருளை மாணவர்கள் நன்கு உணரவேண்டும். பாழுங்கிணற்றில் பொதுவாகத் தேங்குவது கரியமிலவாயு. அது உயிர்க்காற்றை விலக்கிவிடுவதால் விளக்கு அணைகிறது. எனவே விளக்கு அங்கே ஓரளவுக்குச் சான்று. படகின் அடிவயிற்றிலோ பெட்ரோல் ஆவியும், கசிந்த சமையல் வாயுவும் தேங்கக்கூடும். இவை காற்றைவிடக் கனமானவை. தாழ்ந்த இடம் தேடி இறங்கிக் கிடக்கும். அங்கே தீக்குச்சியைக் கிழித்தால் சோதனை செய்தவரே முதற் பலியாவார். இயற்கையில் வாடையற்ற எரிவாயுவோடு நாற்றமுள்ள பொருளைக் கலப்பது, அது கசிவதை மூக்கு அறியவேண்டும் என்பதற்காகவே. 1937-ஆம் ஆண்டு மார்ச்சு 18-ஆம் நாள் டெக்சாசு மாநிலத்தின் நியூ லண்டன் என்னும் ஊரில், வாடையற்ற எரிவாயு கசிந்து ஒரு பள்ளிக்கூடம் வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். அதன் பின்னரே நாற்றப்பொருள் கலப்பது அங்கே சட்டமாயிற்று. நம் அடுக்களையில் வாயு கசியும்போது வீசும் அந்த வெறுப்பூட்டும் வாடை எத்தனை உயிர்களைக் காக்கிறது!

ஹைட்ரஜன் சல்பைடு இதனினும் வஞ்சகமானது. காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் மிகக் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதனை அறியும். ஆனால் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கு ஆகும்போது, சில நிமிடங்களில் முகரும் நரம்பே செயலற்றுப் போகிறது. வாடை நின்றுவிட்டது என்று மனிதன் எண்ணுகிறான். 500 பங்குக்கு மேல் சென்றால் விரைவில் மயக்கமும் மரணமும் நேரும். அப்போதும் விளக்கு அணையாது! மீன்பிடிப் படகின் கிடங்கைத் தூய்மை செய்ய இறங்கியவர் சாய, அவரைத் தூக்க இறங்கியவரும் அவர்மேலேயே சாய்ந்தார் என்ற வகையான செய்திகள் நாளேடுகளில் வருகின்றன. கழிவுநீர்த் தொட்டிகளில் நிகழும் மரணங்களும் இத்தகையனவே. ஆகவே மூடிய அறை எதுவாயினும் முதலில் எல்லாத் திறப்புகளையும் திறந்து காற்றோட வைக்கவேண்டும். வாயுவை அளக்கும் கருவி கொண்டு சோதிக்கவேண்டும். ஒருவர் வெளியே நிற்கவேண்டும். உள்ளே ஒருவர் வீழ்ந்துவிட்டால், மூச்சுக் கருவி இன்றி மற்றவர் இறங்கவே கூடாது. இரக்கம் கண்ணை மறைக்கும் அந்த நொடியிலேதான் இரண்டாவது உயிர் போகிறது. கப்பலின் அடித்தளத்திற்கு நற்காற்றைச் செலுத்த ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1741-இலேயே காற்றுத்துருத்தி அமைத்துக் காட்டினார். அதற்கு முன்பும் மாலுமிகள் பாய்த்துணியைக் குழல்போலத் தைத்துக் கீழ்த்தளத்திற்குக் காற்றை இறக்கியதுண்டு.

நாங்களும் திறப்புகளையெல்லாம் திறந்து வைத்து, நண்பகல் வரை கரையில் காத்திருந்தோம். முட்டை வாடை தணிந்தது. அதற்கு அடியில் ஒளிந்திருந்த வேறொரு வாடை அப்போது தெரிந்தது. புதுமழையில் நனைந்த மண்ணின் மணம்! கோடைமழையில் இன்பம் தரும் மணம், படகினுள் நற்செய்தி அன்று. ஜியோஸ்மின் என்னும் பொருளே அம்மணத்திற்கு முதற்காரணம். மண்வாழ் நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்குகின்றன; சிலவகைப் பூஞ்சைகளும் உண்டாக்குகின்றன. மண்ணே இல்லாத படகில் மண்வாடை வீசுமானால், எங்கோ மரம் ஈரத்தில் ஊறிக் கெட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

நண்பர் ஒவ்வொரு தடுப்பாக முகர்ந்து சென்று பாய்மரத்தின் அடியில் வந்து நின்றார். மரச்சுத்தியால் தட்டினார். மற்ற இடங்களில் 'டக்' என்று ஒலித்த மரம் அங்கே 'தொப்' என்றது. விற்பவரின் இசைவு பெற்று, ஓர் ஊசியை அழுத்தினார். புதுவண்ணத்தைத் தாண்டியதும், அவித்த கிழங்கில் இறங்குவதுபோல அது இறங்கிற்று. பாய் காற்றை வாங்கும்போது எழும் விசையெல்லாம் பாய்மரத்தின் வழியே வந்து தாங்கும் இடம் அது. நடுக்கடலில் அந்த இடம் நொறுங்கினால் பாய்மரம் சாயும். விற்பவர் எங்களைப் பார்க்கவில்லை, ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் கரைமணலில் கட்டுமரங்கள் பிரித்துப் போடப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. அறையும் இல்லை, அடிவயிறும் இல்லை. தண்ணீர் தேங்க இடமே இல்லாத கலம் அது. கடலிலிருந்து வந்ததும் கட்டவிழ்த்து வெயிலில் இட்டுவிடுவார்கள். நண்பர் நெடுநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். சில திங்கள் கழித்து, மேல்தளம் இல்லாத சிறிய திறந்த படகு ஒன்றை வாங்கினார். பலகைப் பொருத்துகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசிக் கலப்பற்று அடிக்கவும் கற்றுக்கொண்டார். அதில் வாடை உண்டா என்று நான் கேட்டேன். "மீன் வாடை உண்டு. அது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்" என்றார்.