குருநகர் வீடொன்று கற்றுத் தந்த முகாமைத்துவம்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பது எமது முன்னோர் சொல். இவ்விரண்டையும் ஒரே ஆண்டில் செய்து முடிக்க நினைத்த ஒரு குடும்பத்துக்கு நான் கொந்தராத்துக்காரனாக இருந்தேன். குருநகரில் 2021 இல் தொடங்கிய அந்த வேலையில் நான் பணத்தை இழந்தேன்; ஒரு நல்ல மனிதரின் நம்பிக்கையையும் கிட்டத்தட்ட இழந்தேன். ஆனால் அந்த வீடு கற்றுத் தந்த பாடம் கட்டடத் தொழிலில் இருக்கும் எம்மவர் பலருக்கும் பயன்படும் என்பதால் அதை இங்கு எழுதுகிறேன்.

அழகான அட்டவணை

கரையூர் என்று மூத்தவர்கள் சொல்லும் குருநகர், யாழ் நகரை ஒட்டிக் கடனீரேரிக் கரையில் இருக்கிறது. வீட்டுக்காரர் கடற்றொழிலாளி. 1990 ஒக்டோபரில் சோனகத் தெருவை விட்டு நாங்கள் வெளியேற்றப்படுவதற்கு முன்பே எனது வாப்பாவுடன் பழகியவர். புத்தளத்தில் வளர்ந்து, யுத்தம் முடிந்த பிறகு யாழ்ப்பாணம் திரும்பி, சிறிய அளவில் கட்டட வேலை செய்து வந்த என்னிடம் அவர் வீட்டைத் தந்தது அந்தப் பழக்கத்துக்காகவே. மகளின் கல்யாணத்துக்கு முன் வீடு முடிய வேண்டும் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை.

நானும் எல்லோரும் செய்வதையே செய்தேன். மொத்த வேலைக்கும் ஒரே விலை. முடிக்க எட்டு மாதம். எக்செலில் நிறம் நிறமாக ஓர் அட்டவணை. எந்த வாரம் அத்திவாரம், எந்த வாரம் கூரை என்றெல்லாம் அதில் இருந்தது. விலை ஏறினால் என்ன செய்வது என்ற ஒரு வரி மட்டும் இருக்கவில்லை.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 ஒக்டோபரில் சீமெந்துக்கான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஆயிரம் ரூபாவை அண்மித்திருந்த 50 கிலோ மூடை 2022 இன் நடுப்பகுதியில் மூவாயிரத்தைத் தொட்டது. கம்பியும் ஓடும் வயரும் சேர்ந்து ஏறின. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. டீசல் இல்லாததால் மணல் ஏற்றி வரும் டிப்பர்கள் நின்றன. வீட்டுக்காரருடைய நிலையும் இதுதான். படகுக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. 2022 ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் ஒரே நாளில் 340 ரூபா ஆனது.

வேலை லின்டல் மட்டத்தில் நின்றது. மழைக்குச் சுவர் பாசி பிடித்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் உப்புக் காற்றில் சிவந்தன. கல்யாணம் தள்ளிப் போனது. 'அடுத்த மாதம் முடியும்' என்று நானும் மாதத்துக்கொரு தடவை சொல்லி வந்தேன். பிறகு அந்தத் தெருவால் போவதையே தவிர்த்தேன்.

ஒரு நாள் அந்த வீட்டு அக்கா என்னைச் சந்தையில் கண்டு பிடித்துவிட்டார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை.

"தம்பி, எப்ப முடியும் எண்டு இனிச் சொல்லாதேங்கோ. இந்தக் கிழமை என்ன செய்யப் போறியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. அதைச் செய்து காட்டுங்கோ" என்றார்.

மென்பொருளில் இருந்து வந்த சொல்

இதை நான் கொழும்பில் மென்பொருள் கம்பனியொன்றில் வேலை செய்யும் எனது ராத்தாவின் மகனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "மாமா, அந்த அக்கா சொன்னதத்தான் நாங்க அஜைல் எண்டு சொல்லி ஒபிசில செய்யிறம்" என்றான்.

அஜைல் என்றால் சுறுசுறுப்பானது, நிலைமைக்கேற்ப வளைந்து கொடுப்பது என்று பொருள். 2001 பெப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மென்பொருள் வல்லுநர்கள் 17 பேர் கூடி இதற்கான அடிப்படைகளை ஒரு பிரகடனமாக எழுதினர். இரண்டு வருடத் திட்டத்தை முழுவதுமாக எழுதி, முடிவில் வாடிக்கையாளரிடம் கொடுத்து, 'நான் கேட்டது இதுவல்ல' என்ற பதிலைப் பெறுவதில் அவர்கள் களைத்துப் போயிருந்தனர். அதற்குப் பதிலாக வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஓரிரு வாரத்துக்கு ஒரு துண்டை முடித்து, வாடிக்கையாளருக்குக் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த துண்டைத் தீர்மானிப்பது அவர்களுடைய வழியாயிற்று.

இதன் வேர் மென்பொருளுக்கும் முந்தியது. ஜப்பானியக் கம்பனிகள் புதிய பொருட்களை எவ்வாறு விரைவாக உருவாக்கின என்று தக்கேயுச்சி, நொனாக்கா என்ற இரு பேராசிரியர்கள் 1986 இல் எழுதிய கட்டுரையில் இருந்தே இம்முறையின் ஒரு கிளையான 'ஸ்க்ரம்' தன் பெயரை எடுத்தது.

கட்டடத் துறையிலும் இதற்கு ஒரு சகோதரன் உண்டு. கிளென் பல்லார்ட், கிரெக் ஹவல் என்ற அமெரிக்கர்கள் 1990 களில் 'கடைசித் திட்டமிடுபவர்' என்ற முறையை வளர்த்தெடுத்தனர். நாளைக்கு யார் எந்த வேலையைச் செய்வது என்று இறுதியாகத் தீர்மானிப்பவர் அலுவலகத்தில் இருக்கும் பொறியியலாளர் அல்லர். தளத்தில் நிற்கும் தலைமை மேசன். எனவே அவரைக் கேட்காமல் போடும் திட்டம் வெறும் ஆசையே என்பது அவர்களுடைய வாதம். அவர்கள் தளங்களில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, ஒரு வாரத்துக்கென்று எழுதிய வேலைகளில் பாதியை விடச் சற்றே அதிகமானவைதான் அந்த வாரத்தில் முடிந்திருந்தன.

இதை வாசித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. அமெரிக்காவிலும் எங்கள் கதைதான்!

கணக்குப் புத்தகத்தைத் திறந்தோம்

முதலில் செய்தது தொழில்நுட்பம் அல்ல. நான் என்னுடைய கணக்குப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். எதற்கு எவ்வளவு போனது, எங்கே நான் பிழைவிட்டேன் என்று வரி வரியாகக் காட்டினேன். பழைய விலையில் வேலையை முடிக்க என்னால் முடியாது. புதிய விலை முழுவதையும் தாங்க அவராலும் முடியாது. இழப்பை இருவரும் பகிர்ந்து கொண்டோம். இனிமேல் கூலி நிலையான தொகை. பொருட்கள் கடைச்சீட்டு விலைப்படி என்று புதிதாக எழுதினோம். பெரிய அரசாங்க ஒப்பந்தங்களில் விலை ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்ய ஒரு சூத்திரமே இருக்கிறது. சிறிய வீட்டு வேலைகளில் நாங்கள் அதை 'நம்பிக்கை' என்ற ஒரு சொல்லால் மூடி விடுகிறோம். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு போதிக்கப்பட்ட சமூகம் நாம். எழுதுவது நம்பிக்கைக் குறைவல்ல. நம்பிக்கையைக் காப்பாற்றும் வழி.

அடுத்து வேலையைத் துண்டாக்கினோம். மாடி அறை இப்போதைக்கு வேண்டாம். கீழே இரண்டு அறை, குசினி, குளியலறை. வாடைக்காற்றோடு மழை இறங்க முன் கூரை. இதைத் தீர்மானித்தது நான் அல்ல, அந்த அக்கா. எது முதலில் வேண்டும் என்பது வீட்டில் வாழப் போகிறவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவதாக, வாரம் ஒரு பட்டியல். ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் மேசன், ஓடாவி, வயரிங் தம்பி, நான், வீட்டுக்காரர் ஐவரும் பத்து நிமிடம் நின்று பேசுவோம். அடுத்த வாரம் செய்யக்கூடியதை மட்டும் பூசாத சுவரில் கரியால் எழுதுவோம். பொருள் கையில் இல்லாத வேலையை எழுதக்கூடாது என்பது விதி. காலையில் வேலை தொடங்க முன் ஐந்து நிமிடம்: நேற்று முடிந்தது என்ன, இன்று செய்வது என்ன, தடை என்ன?

முதல் வாரம் எழுதிய 11 வேலைகளில் முடிந்தவை 5. ஏன் முடியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினோம். மணல் வரவில்லை என்பது ஒன்றுதான் நாட்டுப் பிரச்சினை. மற்றவை எங்களுடையவை. ஜன்னல் அளவை யாரும் தீர்மானிக்கவில்லை. வயர் குழாய் பதிக்க முன் பூச்சுக்கு ஆள் வந்துவிட்டார். ஓடாவியும் மேசனும் ஒரே அறைக்கு ஒரே நாளில் வந்து நின்றார்கள். எட்டு மாதமாக நாட்டின் மீது போட்ட பழியில் பாதி எனது முகாமைத்துவத்தின் மீது விழ வேண்டியது என்று அன்றுதான் விளங்கியது. நான்காவது வாரம் எழுதிய 9 இல் 8 முடிந்தன.

கைத்தொலைபேசி போதும்

வளர்ந்த நாடுகளில் கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்தையும் கணினியில் முப்பரிமாணத்தில் கட்டிப் பார்த்துவிட்டே தளத்தில் இறங்குகிறார்கள். 'பிம்' எனப்படும் இம்முறையை ஐக்கிய இராச்சியம் மத்திய அரசின் கட்டட வேலைகளுக்கு 2016 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. குழாயும் தூணும் ஒரே இடத்தில் மோதுவதைத் திரையிலேயே கண்டு திருத்திவிடலாம்.

எங்களிடம் இருந்தது ஒரு வட்ஸ்அப் குழு மட்டுமே. ஆனால் அது செய்த வேலை பெரிது. கொங்கிரீட் போட முன் கம்பிகளை அளவு நாடாவோடு படம் எடுத்தோம். கடலோரத்தில் இது முக்கியம். கம்பிக்கு மேல் கொங்கிரீட் மூடல் குறைந்தால் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து வீங்கும். சில ஆண்டுகளில் கொங்கிரீட் வெடித்து உதிரும். பூச முன் குழாய்களைப் படம் எடுத்தோம். நாளை ஆணி அடிப்பவருக்கு அது வரைபடம். கொங்கிரீட் கலக்க உவர்க் கிணற்றுத் தண்ணீர் பாவிக்கவில்லை, நன்னீர் பவுசர் வந்தது என்பதற்கும் படம். சீமெந்து வாங்கிய சீட்டு அதே நாளில் குழுவில். வீட்டுக்காரர் கடலில் இருந்து கரைக்கு வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒன்றை மறக்கக்கூடாது. முடியாத வேலையை முடிந்ததாக எழுதினால் கைத்தொலைபேசி அந்தப் பொய்யை எல்லோருக்கும் விரைவாகக் கொண்டு போகும், அவ்வளவுதான்.

வளையக் கூடாத இடம்

அப்படியானால் எல்லாவற்றையும் வாரத்துக்கு வாரம் மாற்றலாமா? முடியாது. மென்பொருளை அழித்து எழுதலாம். கொங்கிரீட்டை அழித்து எழுத முடியாது. சிட்னி ஒபேரா மண்டபம் இதற்குப் புகழ் பெற்ற உதாரணம். 1957 இல் 7 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர், நான்கு ஆண்டுகள் என்று மதிப்பிட்டார்கள். கூரையின் வடிவம் முடிவாகும் முன்பே அடித்தள வேலையைத் தொடங்கினார்கள். பிறகு கூரையின் பாரத்தைத் தாங்காது என்று தூண்களைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. 1973 இல் திறக்கும்போது செலவு 102 மில்லியன்.

குருநகர் மனிதருக்கு இது புதிதல்ல. இன்று எந்தத் திசையில் வலை போடுவது என்பதைக் காற்றைப் பார்த்து ஒவ்வொரு நாளும் தீர்மானிக்கிறார். ஆனால் படகின் அடிப்பலகையைக் கடலில் வைத்து மாற்றுவதில்லை. அத்திவாரம், தூண், கம்பி அளவு என்பன படகு; பொறியியலாளர் சொன்னதில் கை வைக்கக்கூடாது. அறையின் ஒழுங்கு, வேலை வரிசை, தரையோடு, நிறம் என்பன காற்றோடு மாறலாம். நாங்களும் பிற்காலத்தில் மாடி வரும் என்று எண்ணியே தூண்களை வைத்திருந்தோம். மேலே நீட்டிய கம்பிகளைச் சுத்தம் செய்து மெல்லிய கொங்கிரீட்டால் மூடிவிட்டோம்.

வடக்கு முன்பே கண்டது

பகுதி பகுதியாகச் செய்து காட்டும் இம்முறையை எமது மாகாணம் வேறு பெயரில் கண்டிருக்கிறது. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் முன்னோடியாக 1,000 வீடுகள் 2012 ஜூலையில் முடிந்தன. அதே ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் திகதி வடக்கு கிழக்கில் 45,000 வீடுகளுக்கான அடுத்த கட்டம் தொடங்கியபோது, வீட்டுக்காரரே தன் வீட்டைக் கட்டும் வழி பின்பற்றப்பட்டது. புதிய வீடொன்றுக்கு 550,000 ரூபா, வேலை முன்னேற முன்னேறத் தவணையாக நேரடியாக அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தது. ஒரு கட்டம் முடிந்து பரிசோதித்த பிறகே அடுத்த தவணை. யாரும் அதை அஜைல் என்று அழைக்கவில்லை. ஆனால் முடிவெடுக்கும் உரிமை வீட்டில் வாழ்பவரிடம், பணம் கண்ணால் கண்ட வேலைக்கு என்ற இரண்டும் அதில் இருந்தன.

எனவே கட்டட வேலை எடுக்கும் சகோதரர்களுக்கு எனது ஆலோசனை இதுதான். மென்பொருள் வாங்க முன் ஒரு கொப்பி வாங்குங்கள். விலை ஏறினால் யார் எவ்வளவு தாங்குவது என்று முதல் நாளே எழுதுங்கள். மேசனைக் கேட்காமல் திகதி சொல்லாதீர்கள். முடியாத வேலைக்குக் காரணத்தை எழுதுங்கள். அந்தக் காரணம் நீங்களாக இருந்தாலும் எழுதுங்கள். வீடு கட்டுபவர்களும் மொத்த விலையையும் முடிவுத் திகதியையும் மட்டும் கேட்காமல், இந்த வாரம் என்ன நடக்கும் என்று கேளுங்கள்.

குருநகர் வீட்டின் கீழ்த்தளம் 2023 இல் முடிந்தது. கல்யாணமும் அந்த வீட்டில் இருந்தே நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. கரியால் எழுதிய சுவருக்கு அப்போது வெள்ளை அடித்திருந்தார்கள். மாடி அறையை எப்போது தொடங்கலாம் என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் திகதி சொல்லவில்லை. சனிக்கிழமை பின்னேரம் வருகிறேன், இருந்து பேசுவோம் என்றேன்.