லாரிக்கு மாற்று டீசல் பம்ப்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

விருதுநகர் மார்க்கெட்டில் பருப்பு, வத்தல், எண்ணெய் எதுவானாலும் லாரி ஓடினால்தான் வியாபாரம் ஓடும். சிவகாசியின் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுச் சரக்குகளுக்கும் அதே நிலைதான். டயர், பேட்டரி வாங்க நாலு கடை ஏறி விலை விசாரிக்கும் நாம், "டீசல் பம்ப் போய்விட்டது" என்று மெக்கானிக் சொன்னால் மட்டும் மறுபேச்சின்றிப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். வண்டியின் விலை கூடிய பாகங்களில் பம்பும் ஒன்று. பொருந்தாத பம்ப் மாட்டினால் முதலில் பம்புக்கும், பிறகு மாதாமாதம் டீசலுக்கும், கடைசியில் இன்ஜினுக்கும் செலவழிக்க நேரிடும். ஆகவே வண்டி வைத்துள்ள வணிகர்கள் இதைப் பற்றிச் சில விவரங்களையாவது தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பம்பின் வேலை என்ன?

டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுப்பது ஃபீட் பம்ப். இது சிறியது, விலையும் குறைவு. அந்த டீசலைப் பல நூறு மடங்கு அழுத்தமாக்கி, சரியான நேரத்தில், சரியான அளவில் நாசில்களுக்கு அனுப்புவது பெரிய பம்ப். "பம்ப் போய்விட்டது" என்றால் இவ்விரண்டில் எது என்று முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1927-இல் டீசல் பம்பைத் தொழிற்சாலை அளவில் தயாரிக்கத் தொடங்கிய பிறகே டீசல் லாரி பரவலாயிற்று. நம் நாட்டில் 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் பம்புகளே நம் மெக்கானிக்குகளுக்குப் பாடமாயின. 2008 முதல் அந்நிறுவனத்தின் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆயினும் ஒர்க்ஷாப்புகளில் இன்றும் "மைக்கோ பம்ப்" என்ற பேச்சுத்தான்.

பம்பினுள் இருக்கும் எலிமெண்ட்டில் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். தலைமுடியின் கனத்தில் இது இருபதில் ஒரு பங்குகூட வராது. கண்ணுக்குத் தெரியாத தூசும் ஒரு துளித் தண்ணீரும் அதைக் கெடுத்துவிடுவதற்குக் காரணம் இதுவே.

பம்ப்தான் பழுதா?

வண்டி இழுக்கவில்லை என்றால் உடனே பம்பைக் கழற்றச் சொல்லாதீர்கள். முதலில் டீசல் ஃபில்டர், டேங்கிலுள்ள வலை, ஏர் ஃபில்டர், ஃபீட் பம்ப் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பைப் இணைப்பிலுள்ள செம்பு வாஷர் தேய்ந்து காற்று இழுத்தாலும் வண்டி நின்று நின்று போகும். சில ரூபாய் வாஷருக்காகப் பம்பையே மாற்றிவிடக் கூடாது.

பம்பின் எலிமெண்ட் தேய்ந்ததற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. காலையில் குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். ஓடிச் சூடானபின் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் டீசல் நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளி வழியே கசிந்துவிடுவதே காரணம். இன்ஜின் ஆயிலின் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போனால் டீசல் ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது.

மூன்று வகைகள்

ஒரு சிலிண்டருக்கு ஓர் எலிமெண்ட் வீதம் வரிசையாக அமைந்தது இன்லைன் பம்ப். பழைய லாரிகளில் பெரும்பாலும் இதுதான். கரடுமுரடாக உழைக்கும், பிரித்து வேலை பார்க்கலாம்.

ஒரே பிளஞ்சர் சுழன்று எல்லாச் சிலிண்டருக்கும் டீசல் பங்கிடுவது ரோட்டரி பம்ப். சிறிய, நடுத்தர வண்டிகளில் இருக்கும். இதற்கு டீசலே மசகு. ஆகவே மண்ணெண்ணெய் கலந்த டீசலும் தண்ணீர் கலந்த டீசலும் இதை விரைவில் தின்றுவிடும்.

மூன்றாவது காமன் ரெயில். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் இருப்பது இது. அழுத்தம் 1,600 பார், அதற்கு மேலும் போகும். அளவையும் நேரத்தையும் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ஆண்டை மட்டும் வைத்துப் பம்பின் வகையைச் சொல்லிவிட முடியாது. 2017-க்குப் பின் வந்த பி.எஸ். 4 லாரிகளிலும் அசோக் லேலண்ட் இன்லைன் பம்ப் வைத்தது.

எதை வாங்குவது?

நம் முன் நாலு வழிகள் உள்ளன.

1. பழைய பம்பையே சரிசெய்வது. இன்லைன் பம்பின் பாடியும் கேம்ஷாஃப்ட்டும் நன்றாக இருந்தால் இதுவே சிக்கனம். எலிமெண்ட், டெலிவரி வால்வ் மாற்றி, டெஸ்ட் பெஞ்சில் கேலிபரேஷன் செய்ய வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எந்த வேகத்தில் எத்தனை சி.சி. டீசல் போகிறது என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். தாள் தர மறுக்கும் இடத்தில் வேலை கொடுக்காதீர்கள்.

2. மாற்றுப் பம்ப். பழையதைக் கொடுத்துவிட்டு, சரிசெய்து தயாராக வைத்திருப்பதை வாங்குவது. வண்டி நிற்கும் நாட்கள் குறையும். தீபாவளிச் சீசனில் ஒரு நாள் நின்றாலே நஷ்டம் என்பவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் உங்கள் நல்ல பாடியைக் கொடுத்து வெல்டிங் வைத்த பாடியை வாங்கிவிடக் கூடாது. எழுத்தில் கியாரண்டி அவசியம்.

3. கம்பெனிப் புதுப் பம்ப். விலை அதிகம். காமன் ரெயில் வண்டிக்குப் பெரும்பாலும் இதுதான் பத்திரம். அதில் பம்ப் உடைந்தால் உலோகத் துகள் ரெயிலுக்கும் நாசிலுக்கும் பரவியிருக்கும். முழு லைனையும் சுத்தம் செய்யாமல் பம்பை மட்டும் மாற்றினால் புதுப் பம்புக்கும் அதே கதிதான்.

4. காயலான் கடைப் பம்ப், பெயர் தெரியாத மலிவுப் பம்ப். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். உள்ளே தேய்மானம் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது. இதைத் தவிர்ப்பதே நலம்.

எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

பம்பின் மேல் உள்ள தகட்டை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக இன்லைன் பம்பில் "பி.இ.எஸ். 6 ஏ 95" என்று இருந்தால், 6 என்பது சிலிண்டர் எண்ணிக்கை, ஏ என்பது பம்பின் அளவு, 95 என்பது 9.5 மில்லிமீட்டர் பிளஞ்சர். பின்னால் வரும் எழுத்து சுழலும் திசையைக் காட்டும். ஆறு சிலிண்டர் என்ற ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. பிளஞ்சர் அளவு, திசை, கவர்னர், இன்ஜின் எண் எல்லாம் ஒத்துவர வேண்டும்.

டீசல் கணக்கு

மலிவுப் பம்பின் உண்மை விலை பங்க் பில்லில்தான் தெரியும். மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கொடுத்தால் செலவு 800 லிட்டர். அதுவே 4.5 என்று குறைந்தால் 889 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று கணக்கிட்டாலும் மாதம் 8,000 ரூபாய் புகையாகப் போகிறது. "பிக்கப் கூட்டுகிறேன்" என்று சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டுவதற்கும் இடம் கொடுக்காதீர்கள். கரும்புகையும், பிஸ்டன் சூடேறிப் பழுதாவதும்தான் மிச்சம்.

மாட்டும்போது

டேங்கைக் கழுவி, ஃபில்டர்களை மாற்றிய பிறகே பம்பை மாட்ட வேண்டும். நாசில்களையும் சோதித்துவிடுங்கள். டைமிங் குறிகள் சரியாகச் சேர வேண்டும். பிறகு காற்று எடுக்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்ததும் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். காமன் ரெயில் இன்ஜின் ஓடும்போது யாரும் லைனைத் தளர்த்தக் கூடாது. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

பட்டாசு லோடு ஏற்றுவோருக்கு இன்னொரு வார்த்தை. சரக்குடன் வண்டி நின்றுவிட்டால் அங்கேயே பம்பைப் பிரிக்கவோ, லோடுடன் ஒர்க்ஷாப்புக்குள் நுழையவோ கூடாது. சிந்திய டீசல், பேட்டரிப் பொறி, அருகில் வெல்டிங் என்று எல்லாம் ஒன்றுகூடும் இடம் அது. சீசன் தொடங்குமுன் ஆடி மாதத்திலேயே பம்பையும் நாசிலையும் பரிசோதித்துவிட்டால் இந்த ஆபத்தே வராது.

பில் அவசியம்

2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துள்ளது. சரக்கு வாகனத்தின் உதிரிபாகத்துக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. வரிவிலக்குள்ள சரக்கையும் ஏற்றும் வண்டியானால் அந்த அளவுக்குக் குறையும், ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் வாங்கும் பம்புக்கு வரிப்பயனும் கிடையாது, கியாரண்டியும் கிடையாது. கடையில் நாம் தராசு பார்த்து வாங்குகிறோம். பம்ப் விஷயத்தில் தகட்டு எண்ணும் சோதனைத் தாளும்தான் தராசு.